சமைக்காத உணவும் உடலுழைப்பும்: காந்தியடிகளின் மூன்று சோதனைகள் (1893–1929)

ஆய்வுச் சுருக்கம்

நெருப்பில் படாத உணவை உண்டு, நாள்தோறும் உடற்பயிற்சி செய்து வந்தால் உடல் நலம் பெறும் என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் ஓர் இயக்கமாக வளர்ந்தது. அக்கருத்தைத் தம் உடலிலேயே மீண்டும் மீண்டும் சோதித்து, விளைவுகளை எழுத்தில் பதிவு செய்தவர் காந்தியடிகள். 1893இல் பிரிட்டோரியாவிலும், 1910–1913இல் டால்ஸ்டாய் பண்ணையிலும், 1929இல் இந்தியாவிலும் அவர் மேற்கொண்ட மூன்று சோதனைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. முதலாவதும் மூன்றாவதும் விரைவில் கைவிடப்பட்டன. இரண்டாவது மட்டுமே நீண்ட காலம் நிலைத்தது. இவ்வேறுபாட்டுக்கு உணவின் தன்மை மட்டும் காரணமன்று. அவ்வுணவு எத்தகைய உழைப்போடும் வாழ்க்கை முறையோடும் இணைந்திருந்தது என்பதும் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. காந்தியடிகளுக்கு உடலுழைப்பு உணவோடு சேர்த்துக்கொள்ளும் துணைப் பயிற்சியாக மட்டும் இருக்கவில்லை. உணவின் தகுதியை அளந்தறியும் உரைகல்லாகவும் இருந்தது.

திறவுச்சொற்கள்: சமைக்காத உணவு, உடலுழைப்பு, நடைப்பயிற்சி, டால்ஸ்டாய் பண்ணை, இயற்கை மருத்துவம், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வு.

முன்னுரை

தமிழில் 'இயற்கை உணவு' என்னும் தொடர் இரு பொருளில் வழங்குகிறது. வேதியுரமின்றி விளைந்த உணவு என்பது ஒரு பொருள். அடுப்பேற்றாமல் உண்ணும் காய், கனி, கொட்டை, முளைப்பயறு ஆகியவை என்பது மற்றொரு பொருள். இக்கட்டுரை இரண்டாவது பொருளையே எடுத்துக்கொள்கிறது; குழப்பம் நேராதிருக்கச் 'சமைக்காத உணவு' என்னும் தொடரைக் கையாள்கிறது. இராமநவமியன்று படைக்கும் பானகமும் ஊறவைத்த பாசிப்பருப்பும் தமிழ் இல்லங்களில் சமைக்காத உணவு அறியப்படாத ஒன்றன்று என்பதைக் காட்டும். எனினும் அது வழிபாட்டு நாளுக்குரிய உணவே. அன்றாட உணவு முழுவதையும் அவ்வாறு அமைத்துக்கொள்வது வேறு செய்தி. அத்தகைய முழுமையான முயற்சியே இங்கு ஆய்வுப் பொருள்.

காந்தியடிகளின் உணவுச் சோதனைகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவற்றைப் புலனடக்கம், நோன்பு, அகிம்சை ஆகிய அறநெறிக் கோணங்களிலேயே நோக்குகின்றன. அக்கோணம் பிழையன்று, ஆயினும் போதுமானதன்று. அவர் எந்த உணவை எவ்வளவு உண்டார், அவ்வுணவில் நின்று எவ்வளவு நடந்தார், எவ்வளவு உழைத்தார் என்னும் வினாக்களுக்கு அவருடைய எழுத்துகளிலேயே விடைகள் உள்ளன. 'சத்திய சோதனை', 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்' ஆகிய இரு நூல்களும், 'வெஜிடேரியன்', 'இந்தியன் ஒப்பீனியன்', 'யங் இந்தியா' ஆகிய இதழ்களில் வெளிவந்த கட்டுரைகளும் இவ்வாய்வுக்கு அடிப்படையாக அமைகின்றன.

கருத்தின் ஐரோப்பியப் பின்னணி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமனி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் தொழிற்சாலை நகரங்கள் பெருகின. நெரிசலான குடியிருப்பு, அசைவற்ற அலுவலகப் பணி, ஆலையில் தீட்டிய வெண்மாவு ஆகியவற்றுக்கு எதிர்வினையாக இயற்கைக்குத் திரும்பும் இயக்கங்கள் தோன்றின. அடால்ஃப் ஜுஸ்ட் 1896இல் வெளியிட்ட 'இயற்கைக்குத் திரும்புக' என்னும் பொருள் தரும் நூல் கனிகளையும் கொட்டைகளையும் மனிதனின் முதன்மை உணவாக முன்வைத்தது. திறந்தவெளி வாழ்க்கையையும் மண், நீர் மருத்துவத்தையும் அதனோடு இணைத்தது. சூரிக் நகரில் மாக்ஸிமிலியன் பிர்ச்சர்-பென்னர் 1904இல் தொடங்கிய மருத்துவ மனையில் பச்சைக் காய்கனிகளே உணவின் மையம். அங்கிருந்தோர் அதிகாலையில் எழுந்து நடக்கவும், தோட்டத்தில் உழைக்கவும், உடற்பயிற்சி செய்யவும் வேண்டும். உணவும் பயிற்சியும் ஒரே மருந்தின் இரு கூறுகளாக அங்குக் கருதப்பட்டன.

இங்கிலாந்தில் இக்கருத்துக்கு வேறொரு வடிவம் கிடைத்தது. இலண்டன் மரக்கறி உணவுச் சங்கத்தின் தலைவராக இருந்த அர்னால்டு ஹில்ஸ் கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்றின் உரிமையாளர்; இளமையில் ஓட்டப் பந்தயத்திலும் கால்பந்தாட்டத்திலும் பெயர் பெற்றவர். சமைக்காத தானியம், பயறு, கனி, கொட்டை ஆகியவற்றில் உயிராற்றல் உறைகிறது என்றும், நெருப்பு அதை அழித்துவிடுகிறது என்றும் அவர் கருதினார். இவ்வுணவை அவர் 'உயிர் உணவு' என்று அழைத்தார். சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள் 1890இல் அச்சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். அங்கிருந்தே அக்கருத்து அவரிடம் வந்து சேர்ந்தது.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை அவர் வேறொரு வழியில் வந்தவர். பள்ளிப் பருவத்தில் உடற்பயிற்சி வகுப்பையும் கிரிக்கெட்டையும் அவர் விரும்பவில்லை. திறந்தவெளியில் நெடுந்தொலைவு நடப்பதன் நன்மையை நூல்களில் படித்து, அப்பழக்கத்தை மேற்கொண்டார். இலண்டனில் வண்டிச் செலவைக் குறைப்பதற்காக நாள்தோறும் 8 முதல் 10 மைல் வரை நடந்ததாகவும், அங்கு நோயின்றி இருந்ததற்கு அந்நடையே முதன்மைக் காரணம் என்றும் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். சிக்கனத்தில் தொடங்கிய பழக்கம் உடல்நல நெறியாக மாறியது இங்குக் கவனிக்கத்தக்கது.

முதற் சோதனை: பிரிட்டோரியா, 1893

வழக்கு ஒன்றின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள் 1893 ஆகஸ்ட் 22 அன்று பிரிட்டோரியாவில் உயிர் உணவுச் சோதனையைத் தொடங்கினார். ஊறவைத்த கோதுமை, பட்டாணி, அரிசி, உலர்திராட்சை, கொட்டைகள், ஆரஞ்சு ஆகியவை அவருடைய உணவு. ஒவ்வொரு நாளும் உண்டவற்றையும் உடல்நிலையையும் நாட்குறிப்பாக எழுதினார். அக்குறிப்பு 1894 மார்ச்சில் இலண்டன் 'வெஜிடேரியன்' இதழில் கட்டுரையாக வெளிவந்தது. மெல்லுவதற்கு நேரமெடுத்தது, பசி அடங்கவில்லை, உடல் தளர்ந்தது. இரு வாரங்களுக்குள் சோதனை கைவிடப்பட்டது.

இச்சோதனையின் தோல்விக்கு உணவின் அமைப்பே காரணம் என்று முதற்பார்வையில் தோன்றும். ஊறிய அரிசியும் பட்டாணியும் சமைக்காத நிலையில் எளிதில் செரிப்பதில்லை. மாவுச்சத்து வெந்த பின்னரே குடல் அதை நன்கு ஏற்கும். ஆனால் அதே ஆண்டில் அதே நகரில் நிகழ்ந்த வேறொன்றையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். பிரிட்டோரியாவில் இந்தியர்கள் பொது நடைபாதையில் நடக்கக் கூடாது. இரவு 9 மணிக்குமேல் அனுமதிச் சீட்டின்றி வெளியே செல்லவும் கூடாது. நாள்தோறும் ஒரு திறந்தவெளிக்கு நடந்து செல்லும் வழக்கம் கொண்டிருந்த காந்தியடிகள், அதிபர் குரூகர் வீட்டருகே காவலரால் நடைபாதையிலிருந்து உதைத்துத் தள்ளப்பட்டதைத் தன்வரலாறு பதிவு செய்கிறது.

உணவுச் சோதனை ஒரு நூலிலும் நடைபாதை நிகழ்ச்சி மற்றொரு நூலிலும் இடம்பெறுவதால் இவ்விரண்டும் தனித்தனியே படிக்கப்படுகின்றன. இலண்டனில் நாள்தோறும் பல மைல் தடையின்றி நடந்த ஒருவருக்குப் பிரிட்டோரியாவில் நடை என்பதே அனுமதியோடு பெறவேண்டிய ஒன்றாக இருந்தது. வேண்டும்போது நடந்து, உழைத்து, ஓய்வெடுத்து உடலைப் பேணும் உரிமை எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. உடல்நலச் சீர்திருத்தம் பற்றிய ஐரோப்பிய நூல்கள் இவ்வுரிமையை இயல்பாகவே எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை.

இரண்டாம் சோதனை: டால்ஸ்டாய் பண்ணை, 1910–1913

1910 மே மாத இறுதியில் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காக ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகில் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அளித்தார். ஆரஞ்சு, பிளம் முதலிய ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் அங்கு இருந்தன. குஜராத்தி, தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. தமிழ்ச் சிறுவர்களுக்குக் காந்தியடிகளே தமிழ் கற்பித்தார், ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டுக்கு அப்பால் தாம் சென்றதில்லை என்று அவர் ஒப்புக்கொள்கிறார்.

1912இல் அங்கு அவரும் காலன்பாக்கும் பாலைக் கைவிட்டனர். அடுத்துக் கனியுணவுக்கு மாறினர். பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் ஆகியவை அவர்களின் வழக்கமான உணவு. சமையல் ஏறத்தாழ முற்றிலும் நின்றது. ஏழை எளியோர் வாங்கக்கூடிய மலிவான கனிகளையே உண்பது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட எல்லை.

இவ்வுணவு பிரிட்டோரியா உணவிலிருந்து இருவகையில் வேறுபட்டது. ஒன்று, ஊறவைத்த தானியத்தின் இடத்தில் கனியும் கடலையும் எண்ணெயும் வந்தன. நிலக்கடலையும் எண்ணெயும் சிறிய அளவிலேயே மிகுந்த ஆற்றல் தருபவை. மற்றொன்று, உடலுழைப்பு அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே அமைந்திருந்தது. பண்ணையில் வேலையாட்கள் இல்லை. குழி தோண்டுதல், மரம் வெட்டுதல், சுமை தூக்குதல், தோட்ட வேலை, சமையல், துப்புரவு ஆகிய அனைத்தையும் அங்கிருந்தோரே செய்தனர். சிறுவர்களுக்கு இவ்வேலைகளே போதிய உடற்பயிற்சியாக அமைந்தன என்றும், வேறு பயிற்சியோ விளையாட்டோ பொதுவாகத் தேவைப்படவில்லை என்றும் தன்வரலாறு குறிப்பிடுகிறது.

நடையும் பண்ணையின் விதியாகவே இருந்தது. பண்ணை வேலைக்காகச் செல்வோர் மட்டுமே இரயிலில், அதுவும் மூன்றாம் வகுப்பில், செல்லலாம். சொந்த விருப்பத்தின் பொருட்டு நகரம் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும். ஜோகன்னஸ்பர்க் 21 மைல் தொலைவு. இரவு 2 மணிக்கு எழுந்து புறப்பட்டு 6, 7 மணி நேரத்தில் சென்று சேர்வர். மிகக் குறைந்த நேரமாக 4 மணி 18 நிமிடத்தை 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்' பதிவு செய்கிறது. மணிக்கு ஏறத்தாழ 5 மைல் வேகம் இது. நடையும் ஓட்டமும் கலந்தாலன்றி எளிதில் எட்ட இயலாதது.

ஆயினும் இச்சான்றைச் சமைக்காத உணவின் வெற்றியாக எடுத்துக்கொள்ளலாகாது. பண்ணையின் பொதுச் சமையலறையில் சமையல் நிற்கவில்லை. காலையில் ரொட்டியும் வறுத்த கோதுமைக் காப்பியும், 11 மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும், மாலையில் கோதுமைக் கஞ்சியும் பாலும் அல்லது ரொட்டியும் காப்பியும் வழங்கப்பட்டன. நகருக்கு நடந்து செல்வோர் கையோடு கொண்டுசென்றவை கையால் அரைத்த கோதுமை ரொட்டி, நிலக்கடலை வெண்ணெய், தோட்டத்து ஆரஞ்சிலிருந்து காய்ச்சிய பழப்பாகு ஆகியவை. கனியுணவு ஒரு சிலரின் தனி நோன்பே. சமைத்துண்டு உழைத்த ஒரு சமூகத்தின் நடுவே அது நிலைத்தது. பழத்தோட்டமும் பகிர்ந்துகொண்ட உழைப்பும் இன்றி அந்நோன்பை அவ்வளவு காலம் தொடர்ந்திருக்க இயலுமா என்பது ஐயத்துக்குரியது.

1913ஆம் ஆண்டு 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் குஜராத்தியில் அவர் எழுதிய உடல்நலக் கட்டுரைத் தொடர் இவ்வனுபவத்தின் நேரடி விளைவு. கனிகளே மனிதனுக்கு இயல்பான உணவு என்று வாதிடும் அத்தொடர் உடற்பயிற்சிக்குத் தனி அதிகாரம் ஒதுக்குகிறது. அதில் வயலிலும் தோட்டத்திலும் செய்யும் உழைப்பும் நடையுமே சிறப்பிடம் பெறுகின்றன. இத்தொடர் பின்னர் நூலாகிப் பல மொழிகளில் பரவியது. 1921இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் எஸ். கணேசன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார்.

எல்லைகள் வெளிப்பட்ட இடம்: 1913–1914

இரண்டாம் சோதனையின் எல்லைகளை இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. முதலாவது, 1913 நவம்பரில் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் நோக்கி நிகழ்ந்த பெரும் நடைப்பயணம். 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் அதில் பங்கேற்றனர் என்று காந்தியடிகள் கணக்குத் தருகிறார். அவர்களுள் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த தமிழர் முதலிய தென்னிந்தியர். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றரை இராத்தல் ரொட்டியும் 1 அவுன்ஸ் சர்க்கரையும் உணவு. கனியுணவின் சிறப்பை அதே ஆண்டில் எழுதிய தலைவர், தம்மைப் பின்தொடர்ந்த உழைப்பாளிகளிடம் அதை வலியுறுத்தவில்லை, வலியுறுத்தியிருக்கவும் இயலாது. கைக்குழந்தையோடு நெடுந்தொலைவு நடந்த பெண்ணுக்கு ரொட்டியே கிடைத்தற்கரிய பொருளாக இருந்தது. சமைக்காத உணவைத் தேர்ந்துகொள்வதும், சமைக்க வழியின்றி இருப்பதும் ஒன்றல்ல என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி வலுவாக எடுத்துரைக்கிறது.

இரண்டாவது, 1914இல் காந்தியடிகளுக்கு நேர்ந்த உடல்நலக் குலைவு. 14 நாள் உண்ணாநோன்பை முடித்துக் கப்பலேறிய அவர், இழந்த வலிமையை மீட்கும் பொருட்டுக் கப்பல் தளத்தில் நடக்கலானார். கால்களில் கடும் வலி ஏற்பட்டது. ஓய்வெடுக்காவிடில் நிரந்தரமாக முடங்க நேரிடலாம் என்று இலண்டனில் மருத்துவர் ஜீவராஜ் மேத்தா எச்சரித்தார். நீண்ட நோன்புக்குப் பின் வலிமையை மீட்க அவசரப்படலாகாது என்னும் பாடத்தை அப்போதுதான் கற்றதாகத் தன்வரலாறு கூறுகிறது. உடலில் இருப்பு இல்லாதபோது பயிற்சியும் கேடாகும் என்பதற்கு இது அவர் தரும் சான்று.

தொடர்ந்து அவருக்கு நுரையீரல் உறை அழற்சி ஏற்பட்டது. பால் அருந்துமாறு கோகலே வற்புறுத்தினார், காந்தியடிகள் இணங்கவில்லை. மரக்கறி உணவில் பற்றுக்கொண்ட மருத்துவர் அல்லின்சன் பாலை வற்புறுத்தாமல், தவிட்டு ரொட்டியையும் பச்சையாகத் துருவிய பீட்ரூட், முள்ளங்கி, வெங்காயம், கீரை ஆகியவற்றையும் கனிகளையும் பரிந்துரைத்தார். சன்னல்களை 24 மணி நேரமும் திறந்து வைத்தல், எண்ணெய் தேய்த்தல், திறந்தவெளியில் 15 முதல் 30 நிமிடம் நடத்தல் ஆகியவையும் அப்பரிந்துரையில் அடங்கும். சமைக்காத உணவையும் உடற்பயிற்சியையும் இணைத்து மருத்துவர் ஒருவர் அவருக்கு வகுத்த முறை இது. அம்முறையில் ரொட்டிக்கும் இடம் உண்டு. நடைக்கோ உச்ச வரம்பு உண்டு. முழுமையை வலியுறுத்தாமல் அளவை வலியுறுத்திய முறை என்பதே அதன் சிறப்பு.

மூன்றாம் சோதனை: 1929

1918இல் கடும் வயிற்றுக்கடுப்புக்கு ஆளான காந்தியடிகள், அதன் பின்னர் ஆட்டுப்பால் அருந்தத் தொடங்கினார். பால் துறந்த உறுதிமொழியின் உயிர்ப்பொருளை இது மீறியதாகவே அவர் உணர்ந்தார். பாலுக்கு மாற்றான தாவர உணவைக் கண்டறிய வேண்டும் என்னும் ஏக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. 1929இல் ஆந்திரப் பகுதியில் கதர்ப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, சமைக்காத உணவைக் கடைப்பிடித்துவந்த இராஜமுந்திரியைச் சேர்ந்த சுந்தரம் கோபாலராவின் வழியாக அவருக்குப் புதிய தூண்டுதல் கிடைத்தது. மே மாதத்தில் சோதனையைத் தொடங்கினார்.

1929 ஜூன் 13 நாளிட்ட 'யங் இந்தியா' இதழில் அவர் தம் உணவின் அளவை வெளியிட்டார். முளைவிட்ட கோதுமை 8 தோலா, அரைத்த பாதாம் 8 தோலா, அரைத்த பச்சைக் கீரை 8 தோலா, எலுமிச்சை 6, தேன் 2 அவுன்ஸ் என்பது அப்பட்டியல். நெருப்பில் பட்டது குடிக்கும் வெந்நீர் மட்டுமே. 8 தோலா என்பது ஏறத்தாழ 93 கிராம். இன்றைய உணவு அட்டவணைகளைக் கொண்டு கணக்கிட்டால் இவ்வுணவு முழுவதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கலோரி அளவினதே. அதில் பாதிக்கு மேல் பாதாம் ஒன்றிலிருந்தே வருகிறது. ஓய்வாக இருக்கும் முதிய ஆடவருக்கும் இது குறைவு; ஊர் ஊராகப் பயணம் செய்து, பேசி, இதழ்களுக்கு எழுதிக் கொண்டிருந்த 59 வயதினருக்குச் சிறிதும் போதாது.

ஆகஸ்ட் மாதத்தில் வயிற்றுக்கடுப்பு மீண்டும் வந்தது. காந்தியடிகள் ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். தொடக்கத்தை அறிவித்த அதே இதழில் முடிவையும் அறிவித்தார் என்பது இச்சோதனையின் தனிச்சிறப்பு. தாம் தோற்றதனால் கருத்தே தோற்றதாகாது என்று அவர் கருதினார். எனினும் தம் தோல்வியை மறைக்கவில்லை. எனவே 1929 ஜூன் கட்டுரையை மட்டும் படித்து, அவர் சமைக்காத உணவில் வாழ்ந்தவர் என்று முடிவு செய்வது சான்றின் ஒரு பாதியை விட்டுவிடுவதாகும்.

டால்ஸ்டாய் பண்ணைச் சோதனையோடு ஒப்பிடும்போது வேறுபாடுகள் தெளிவாகின்றன. அங்கு 40 வயதைக் கடந்த உடல். இங்கு 60ஐ நெருங்கும் உடல். அங்குக் கடலையும் ஒலிவ எண்ணெயும் கனியும். இங்குத் தோலாக் கணக்கில் அளந்த முளைக் கோதுமையும் பாதாமும். அங்கு நிலத்தோடும் பழமரத்தோடும் ஒன்றிய நிலையான வாழ்க்கை. இங்கு இடையறாப் பயணம். இவற்றுள் எது தோல்விக்கு முதற்காரணம் என்று ஒரு தனி மனிதனின் வரலாற்றைக் கொண்டு அறுதியிட இயலாது. ஆனால் சமைக்காத உணவு என்னும் ஒரே பெயரால் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது பொருந்தாது என்பதை உறுதியாகக் கூறலாம்.

குன்னூர் ஆய்வுக்கூடம் தந்த ஒளி

காந்தியடிகள் தம் உடலைச் சோதனைக் களமாக்கிய அதே காலத்தில், நீலகிரி மலையில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளைக் கொண்டு இந்திய உணவு முறைகளை ஒப்பிட்டுக் கொண்டிருந்தார். 1918இல் பெரிபெரி நோய் ஆய்வாகத் தொடங்கிய அம்முயற்சி ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. பின்னர் 1958இல் அது ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் அதுவே.

இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே அளித்து அவர் வளர்ச்சியை அளந்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைப்பயறு, பச்சைக் காரட், பச்சை முட்டைக்கோசு, எப்போதேனும் சிறிது இறைச்சி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட வங்க, சென்னை மாகாண உணவுகள் கடைசி இடங்களைப் பெற்றன. தமிழ் வாசகர்க்கு இம்முடிவு கசப்பானது. ஆயினும் குன்னூரிலிருந்தே அது வெளிவந்தது.

இவ்வாய்வின் முடிவு காந்தியடிகளின் வினாவுக்கு மறைமுக விடையாக அமைகிறது. முதலிடம் பெற்ற உணவில் பச்சைக் காய்கறியும் முளைப்பயறும் உண்டு. ஆனால் அவை சமைத்த தானியத்தோடும் பாலோடும் சேர்ந்தே நின்றன. பச்சை உணவு முழு உணவின் இன்றியமையாத பகுதி. முழு உணவுக்கு மாற்று அன்று.

பிற்கால மருத்துவ ஆய்வுகளும் இத்திசையிலேயே செல்கின்றன. செருமனியின் கீசென் நகரில் சமைக்காத உணவை நெடுங்காலம் உண்ட 513 பேரை ஆராய்ந்து 1999இல் வெளியான முடிவுகள், அவ்வுணவின் பங்கு மிகுந்தோறும் உடல் எடை குறைந்தது எனக் காட்டின. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் பகுதியாகவோ முழுமையாகவோ நின்றிருந்தது. போதிய ஆற்றல் கிடைக்காத உடல் தன் செயல்களை ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொள்கிறது என்பதற்கு இது அடையாளம். அந்நிலையில் கடும் உடற்பயிற்சியையும் சேர்ப்பது பற்றாக்குறையை மேலும் பெருக்கும். 1914இல் கப்பல் தளத்தில் காந்தியடிகள் கற்ற பாடத்தோடு இது ஒத்துப்போகிறது.

தண்டி நடையும் இறுதி அளவும்

1929 ஆகஸ்டில் சோதனை முடிந்தது. ஏழு மாதங்களுக்குள் 1930 மார்ச் 12 அன்று தண்டிப் பயணம் தொடங்கியது. 60 வயதில் காந்தியடிகள் ஏறத்தாழ 241 மைல் தொலைவை 24 நாள்களில் கடந்தார். இடையில் ஓய்வு நாள்களும் உண்டு. வழியிலுள்ள சிற்றூர் மக்கள் தமக்கு அளிக்க வேண்டிய உணவை அவர் முன்கூட்டியே அறிவித்தார். காய்ச்சிய ஆட்டுப்பால், உலர்திராட்சை அல்லது பேரீச்சை, எலுமிச்சை ஆகியவை அவருக்குப் போதும் என்பது அவ்வறிவிப்பு. உடன் நடந்தோருக்கு ரொட்டியோ கிச்சடியோ, காய்கறியும் பாலும்.

வாழ்வின் மிகப் புகழ்பெற்ற நடைக்கு அவர் தேர்ந்த உணவு இவ்வரலாற்றில் தனி முக்கியத்துவம் உடையது. கனிகள் நீடித்தன, நெருப்பில் படாமை என்னும் விதி நீடிக்கவில்லை. தம் கொள்கைக்கு ஒத்ததையும் உடல் தாங்கக்கூடியதையும் பிரித்தறிந்து, இரண்டாவதற்கு ஏற்ப முதலாவதைத் தளர்த்தினார். முந்தைய சோதனைகளின் தோல்வி இத்தேர்வுக்கு வழிவகுத்தது என்று கொள்வது பொருத்தமானது.

1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் அவர் மீண்டும் உடல்நலம் குறித்து எழுதினார். 'உடல்நலத்தின் திறவுகோல்' எனப் பொருள்படும் அந்நூலில் அமர்ந்து பணிபுரியும் ஒருவருக்கான ஒரு நாள் உணவு அளவைத் தருகிறார். பசும்பால் 2 இராத்தல், தானியம் 6 அவுன்ஸ், கீரை 3 அவுன்ஸ், பிற காய்கறி 5 அவுன்ஸ், பச்சைக் காய்கறி 1 அவுன்ஸ், நெய் ஒன்றரை அவுன்ஸ், வெல்லம் அல்லது சர்க்கரை ஒன்றரை அவுன்ஸ் என்பது அப்பட்டியல். 1929இல் முழு உணவாக இருந்த பச்சை உணவு இங்கு 1 அவுன்ஸாகச் சுருங்கியது. ஆனால் அது நீங்கிவிடவில்லை. மேலும், உணவின் அளவு உண்பவரின் உழைப்பைப் பொறுத்தது என்னும் கருத்து அப்பட்டியலின் தலைப்பிலேயே அடங்கியுள்ளது. இது ஏறத்தாழ அரை நூற்றாண்டுச் சோதனைகளின் தொகுப்புரை.

முடிவுரை

காந்தியடிகளின் மூன்று சோதனைகளையும் ஒருங்கே நோக்கும்போது சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, 'சமைக்காத உணவு' என்பது ஒரே பொருளைக் குறிக்கும் சொல்லன்று. ஊறவைத்த அரிசியும் பட்டாணியும், கடலையும் கனியும் எண்ணெயும், முளைக்கோதுமையும் பாதாமும் ஆகிய மூன்றும் அப்பெயரையே பெற்றன, விளைவுகள் வேறுபட்டன. ஆய்வாளர் அப்பெயரைக் கடந்து உணவின் உள்ளடக்கத்தையும் அளவையும் நோக்க வேண்டும்.

இரண்டாவது, டால்ஸ்டாய் பண்ணையில் உடலுழைப்பு தனியே ஒதுக்கிய பயிற்சி நேரமாக இல்லை. வாழ்க்கை முறையாகவே இருந்தது. கனியுணவு நிலைத்தது அவ்வாழ்க்கை முறையின் துணையோடுதான். அவ்வுழைப்பே உணவின் போதாமையையும் போதுமையையும் விரைவில் வெளிக்காட்டியது.

மூன்றாவது, உணவைத் தேர்ந்துகொள்ளவும் விரும்பியபோது நடக்கவும் இயலும் நிலை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பிரிட்டோரியாவின் நடைபாதைத் தடையும், 1913 நடைப்பயணத்தில் தமிழ்த் தொழிலாளர் பெற்ற ரொட்டியும் சர்க்கரையும் உடல்நல வரலாற்றைச் சமூக வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது என்பதற்குச் சான்றுகள்.

நான்காவது, தோல்வியைப் பதிவு செய்த நேர்மையே இச்சோதனைகளை வரலாற்றுச் சான்றாக உயர்த்துகிறது. 1894இல் இலண்டன் இதழிலும் 1929இல் தம் சொந்த இதழிலும் சோதனை முறிந்ததை அவர் ஒளிக்காமல் எழுதினார். உணவு நெறிகளை முன்வைக்கும் எழுத்துகள் தொடக்கத்தின் உற்சாகத்தை மட்டும் கூறி முடிவை விட்டுவிடுமாயின் அவை சான்றாகா. சோதனை என்னும் சொல்லுக்கு உரிய பொருள் முடிவையும் சேர்த்தே அமைகிறது.

தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் அன்றாட உணவும் உழைப்பும், குன்னூர் ஆய்வுக்கூடத்தின் முடிவுகளைத் தமிழ் உடல்நல நூல்கள் எதிர்கொண்ட முறையும் தனித்தனியே விரிவாக ஆராயத்தக்கவை. அவ்வாய்வுகள் வளருமாயின், ஒரு பெருந்தலைவரின் உடலைச் சுற்றியே எழுதப்பட்டுவந்த இவ்வரலாறு, அவரோடு நடந்த எளிய மக்களின் உடல்களையும் உள்ளடக்கிய வரலாறாக நிறைவு பெறும்.